காவல் நிலையிலிருந்து வானொலிப் பெட்டி வரை: ஒரு பிரெஞ்சுச் சொல்லின் வரலாறு

பிரெஞ்சு மக்களின் இல்லங்களில் வானொலிப் பெட்டிக்கு வழங்கிவந்த பெயர்களுள் மிகவும் பழகிய ஒன்று ‘போஸ்த்’ என்பதாகும். இளைய தலைமுறையினர் ‘ரேடியோ’ என்ற பெயரையே பெரிதும் ஆளுகின்றனர். ஆயினும் வீட்டுப் பெரியவர்கள் “போஸ்த்தைத் திருப்பு, செய்தி கேட்போம்” என்று சொல்லும் வழக்கம் அந்நாட்டில் நெடுங்காலம் நிலவியது. தொலைக்காட்சி வந்தபோது அதற்கும் அவர்கள் அதே பெயரையே சூட்டினர்.

இப்பெயரில் ஒரு வியப்பு உண்டு. நாம் அக்கருவியை அதன் உருவம் நோக்கிப் ‘பெட்டி’ என்றோம். அதன் ஒலி வரும் வழி நோக்கி ‘வானொலி’ என்றோம். அரபு மக்கள் அதன் தொழிலை நோக்கிப் ‘பரப்புவது’ என்று பொருள்படப் பெயரிட்டனர். பிரெஞ்சுச் சொல்லிலோ பெட்டியும் இல்லை, வானும் இல்லை, ஒலியும் இல்லை. ‘போஸ்த்’ என்றால் ஒன்று நிறுத்தி வைக்கப்பட்ட இடம். குறிப்பாக, ஒரு காவல் வீரன் நிற்கும் நிலை. பாடலும் செய்தியும் தரும் பெட்டிக்குப் படைவீடு சார்ந்த பெயர் வந்தது எங்ஙனம்? இக்கேள்வியைப் பின்தொடர்ந்தால் ரோமர்களின் சாலை, கலீஃபாக்களின் தபால், அல்ஜீரிய விடுதலைப் போர் ஆகிய மூன்றையும் நாம் கண்டு திரும்ப வேண்டியிருக்கும்.

ஒரு வேர், இரு கிளை

இலத்தீன் மொழியில் ‘போனெரே’ என்றொரு வினைச்சொல் உண்டு. ‘வைத்தல்’ என்பது அதன் பொருள். ‘வைக்கப்பட்டது’ என்று சொல்ல அம்மொழியினர் ‘பொசிதும்’ என்றும், பெண்பாலில் ‘பொசிதா’ என்றும் வழங்கினர். இவ்விரு வடிவங்களும் இத்தாலிய மொழியில் ‘போஸ்தோ’, ‘போஸ்தா’ என இரு சொற்களாகப் பிரிந்தன. பிரெஞ்சு மொழி இவ்விரண்டையும் இத்தாலியிலிருந்தே கடன் பெற்றது. பிரெஞ்சில் இரண்டும் ‘போஸ்த்’ என்றே ஒலிக்கும். ஒன்று பெண்பால், மற்றது ஆண்பால் என்பதே வேற்றுமை.

பெண்பாற் சொல்லின் கதை குதிரைகளோடு தொடங்குகிறது. அரசனின் ஓலையைச் சுமந்து செல்லும் தூதன் ஒரே குதிரையில் நெடுந்தொலைவு விரைய இயலாது. ஆதலின் சாலை நெடுகிலும் குறித்த தொலைவுகளில் புதிய குதிரைகள் நிறுத்தி வைக்கப்பட்டன. அவ்வாறு குதிரை வைக்கப்பட்ட இடமே ‘போஸ்த்’. பதினைந்தாம் நூற்றாண்டில் பிரான்சை ஆண்ட பதினோராம் லூயி மன்னன் இவ்வேற்பாட்டைத் தன் நாட்டில் நிலைபெறச் செய்தான். காலப்போக்கில் அச்சொல் குதிரை நிலையை மட்டுமன்றி அங்கு கொண்டு செல்லப்பட்ட கடிதத்தையும், பின்னர்த் தபால் துறை முழுவதையும் குறிக்கலாயிற்று. ஒரு நிலைக்கும் அடுத்த நிலைக்கும் இடைப்பட்ட தொலைவு பெரும்பாலும் இரண்டு ‘லியூ’ அளவாக இருந்தமையால், அத்தொலைவையே ஒரு ‘போஸ்த்’ எனக் கணக்கிடும் வழக்கமும் இருந்தது.

ஆண்பாற் சொல்லின் கதை படைகளோடு தொடங்குகிறது. 1494 முதல் 1559 வரை பிரெஞ்சு மன்னர்கள் இத்தாலிய மண்ணில் பல போர்களை நிகழ்த்தினர். நிலம் அவர்களுக்கு நிலைக்கவில்லை. ஆனால் எதிரியின் மொழியிலிருந்து படைச் சொற்கள் பல அவர்களோடு வீடு திரும்பின. காவலாளைக் குறிக்கும் ‘சாந்தினெல்’ அவ்வாறு வந்ததே. வீரன் காவல் புரியும் இடத்தைக் குறித்த ‘போஸ்த்’ என்பதும் பதினாறாம் நூற்றாண்டில் அவ்வழியே வந்தது. நாளடைவில் அது அலுவலகப் பதவியைக் குறித்தது. காவல் நிலையத்தைக் குறித்தது. ஏதேனும் ஒரு கருவி பொருத்தப்பட்ட இடத்தையும் குறிக்கலாயிற்று. வானொலிப் பெட்டியின் பெயர் இந்த ஆண்பாற் கிளையில் பூத்ததே.

பரீதும் போஸ்த்தும்

பெட்டியை நோக்கிச் செல்லுமுன், குதிரை நிலையில் சற்றுத் தங்கிச் செல்வது பொருத்தமுடையது. ஏனெனில் பதினோராம் லூயிக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே இஸ்லாமிய ஆட்சிப் பரப்பில் இத்தகைய ஏற்பாடு சிறந்து விளங்கியது. அதன் பெயர் ‘பரீது’.

இவ்வேற்பாட்டைத் தொடங்கிவைத்தவர் முஆவியா (ரலி) அவர்கள் என்று வரலாற்றாசிரியர்கள் கூறுவர். உமையாக் கலீஃபா அப்துல் மலிக் (ஆட்சிக்காலம் 685-705) அதனை விரிவாக்கினார். அவர் காலத்து மைல்கற்கள் ஜெரூசலத்தைச் சூழ்ந்த சாலைகளில் கண்டெடுக்கப்பட்டுள்ளன. அப்பாசியர் காலத்தில் பரீது தனித் துறையாக வளர்ந்தது. அத்துறை அதிகாரி ஒருவரே, இப்னு குர்தாத்பிஹ் என்பவர், ஒன்பதாம் நூற்றாண்டில் வழிகளையும் நாடுகளையும் விவரிக்கும் புகழ்பெற்ற நூலை இயற்றினார். பின்னர் மம்லூக் சுல்தான் பைபர்ஸ் 1260-க்குப் பின் அதனைப் புதுப்பித்தபோது, கெய்ரோவுக்கும் திமிஷ்குக்கும் இடையே செய்தி நான்கு நாட்களில் சென்று சேர்ந்தது.

‘பரீது’ என்னும் சொல் நம் குடும்பங்களுக்கு முற்றிலும் புதியதன்று. பயணத்தில் தொழுகையைச் சுருக்கும் கஸ்ரின் தொலைவைக் கூறுமிடத்து ஷாஃபிஈ மத்ஹபு நூல்கள் ‘நான்கு பரீது’ என்று அளவிடும். ஒரு பரீது நான்கு ஃபர்ஸக். ஒரு ஃபர்ஸக் மூன்று மைல். ஆக, நான்கு பரீது என்பது பதினாறு ஃபர்ஸக். அதாவது நாற்பத்தெட்டு மைல். மத்ரஸாவில் நாம் மனனம் செய்த இவ்வளவின் பின்னே, ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்கு ஓடிக் களைத்த தபால் விலங்கின் மூச்சு இருக்கிறது. பிரெஞ்சுக்காரரின் ‘போஸ்த்’ தொலைவளவாக மாறியது போன்றே அரபியரின் ‘பரீது’ம் தொலைவளவாக மாறியது. இருவரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்ததன்று; ஒரே தேவை இரு மொழிகளிலும் ஒரே வகையான பொருள் மாற்றத்தை விளைவித்தது.

இதனினும் சுவையானது அச்சொல்லின் பிறப்பு. பழைய அரபு அகராதி ஆசிரியர்கள் சிலர், வால் குறைக்கப்பட்ட தபால் விலங்கைச் சுட்டும் பார்சீகத் தொடரிலிருந்து அது வந்ததாகக் கூறினர். இன்றைய மொழியறிஞர் பலர், விரைவுத் தூதரின் குதிரையைக் குறித்த ‘வெரேதுஸ்’ என்னும் இலத்தீன் சொல்லே கிரேக்க வழியாக அரபியில் ‘பரீது’ ஆயிற்று எனக் கருதுகின்றனர். அந்த ‘வெரேதுஸ்’ இலத்தீனுக்கும் உரியதன்று. ரோமர் அதனைக் கோல் இனத்தாரிடமிருந்து பெற்றனர். கோல் நாடு என்பது இன்றைய பிரான்சு! இக்கருத்தின்படி, அரபு மொழியின் தபால் பிரெஞ்சு நிலத்தில் பிறந்த சொல்லால் ஓடுகிறது. பிரெஞ்சு மொழியின் தபாலோ இத்தாலியச் சொல்லால் ஓடுகிறது. பிற்காலத்தில் எகிப்தியப் பேச்சு மொழி அந்த இத்தாலியச் சொல்லையும் விடவில்லை. ‘போஸ்தா’ என்று தபாலுக்கு வழங்கலாயிற்று. லெபனானில் அதே சொல் பேருந்தைக் குறித்தது. சொற்களுக்கு எல்லைச் சாவடி ஏது?

இரு ஏற்பாடுகளுக்கும் பொதுவான மற்றொரு தன்மையையும் ஈண்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டும் ஆள்வோருக்காகவே தோன்றியவை. பரீது அதிகாரி ஓலை சேர்ப்பவர் மட்டுமல்லர். மாகாணத்தில் நடப்பதைக் கலீஃபாவுக்கு அறிவிக்கும் கண்ணும் காதுமாக இருந்தவர். லூயி மன்னனின் குதிரைகளும் மன்னனின் அலுவலுக்கே உரியவை. சாமானியரின் கடிதம் அரசத் தூதரின் பையில் இடம்பெறப் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை காத்திருக்க நேர்ந்தது. அரசின் சாதனமாகப் பிறந்தது மக்களின் சாதனமாக மாறுவதற்குக் காலம் வேண்டியிருந்தது. இதே கதையைத்தான் வானொலிப் பெட்டியிலும் நாம் காணப்போகிறோம்.

இடத்தின் பெயர் பொருளுக்கு வந்தது

1890-இல் எதுவார் பிரான்லி என்ற பிரெஞ்சு அறிவியலாளர், கண்ணுக்குப் புலப்படாத மின்காந்த அலைகளை உலோகத் துகள் நிறைந்த குழாய் ஒன்றால் உணர்ந்து காட்டினார். கம்பியில்லாத் தந்திக்கு அக்கண்டுபிடிப்பு பெரிதும் உதவியது. ‘ரேடியோ’ என்ற சொல் கதிரையும் சக்கரத்தின் ஆரக்காலையும் குறிக்கும் ‘ரேடியுஸ்’ என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து எழுந்தது. ஆனால் பிரெஞ்சு மக்கள் நெடுநாள் வழங்கியது ‘தே எஸ் எஃப்’ என்பதையே. ‘கம்பியில்லாத் தந்தி’ என்று பொருள்படும் மூன்று சொற்களின் முதலெழுத்துகள் அவை.

அக்காலத்தில் கம்பியில்லாத் தந்தி வீட்டுப் பொருளன்று. அது பெரும்பாலும் படைத்துறையின் உடைமை. 1889-இல் எழுப்பப்பட்ட ஐஃபல் கோபுரம் இருபது ஆண்டு உரிமத்தோடு நின்றது. உரிமம் முடிந்தால் அதனைப் பிரித்தெறியலாம் என்ற நிலை. அக்கோபுரத்தைக் காத்தவற்றுள் தலையாயது குஸ்தாவ் ஃபெரியே என்னும் படை அதிகாரி அதன்மேல் அமைத்த கம்பியில்லாத் தந்தி நிலையமே. அத்தகைய நிலையத்திற்குப் பெயர் ‘போஸ்த்’. அனுப்பும் நிலையமும் ‘போஸ்த்’. பெறும் நிலையமும் ‘போஸ்த்’. வீரன் நின்ற காவலிடத்தில் இப்போது கருவி நின்றது, பெயர் மாறவில்லை.

முதலாம் உலகப் போருக்குப் பின், 1921-22 ஆண்டுகளில் ஐஃபல் கோபுரத்திலிருந்து பொதுமக்களுக்கான ஒலிபரப்பு தொடங்கிற்று. ஆர்வமுடையோர் ஈயத் தாதுப் படிகம் ஒன்றைக் கொண்டு தம் வீட்டிலேயே பெறு கருவிகளைச் செய்துகொண்டனர். அவ்வாறு அலையைப் பெறும் இடம் படைக் கூடாரத்திலிருந்து வீட்டு மேசைக்கு இறங்கியது. அங்கே ‘இடம்’ என்பதற்குப் பொருளே இல்லாது போயிற்று, கருவிதான் இருந்தது. ஆகவே இடத்தின் பெயரைக் கருவியே ஏற்றுக்கொண்டது. ‘பெறும் நிலையம்’ என்பது சுருங்கி வெறும் ‘நிலையம்’ ஆகி, அதுவே பெட்டியின் பெயராயிற்று. சொல்லாய்வாளர் இதனை ஆகுபெயர் என்பர். நம் இலக்கணத்திலும் இடவாகுபெயர் உண்டு. ‘ஊர் சிரித்தது’ என்றால் ஊரா சிரிக்கிறது? ஊரில் வாழ்வோர் சிரிக்கின்றனர்.

1940-இல் ஜெர்மானியர் பிரான்சைக் கைப்பற்றியபோது இப்பெட்டி மீண்டும் காவல் நிலையமாயிற்று. அவ்வாண்டு ஜூன் 18 அன்று தளபதி டி கோல் இலண்டன் பி.பி.சி.யிலிருந்து தம் மக்களை அழைத்தார். அக்டோபரில், ஜெர்மானியரோடு ஒத்துழைத்த விஷி அரசு பிரிட்டிஷ் வானொலியைப் பொது இடங்களில் கேட்பதைத் தடைசெய்தது. இரைச்சல் அலைகளை ஏவி அக்குரலை அமுக்கவும் முயற்சிகள் நடந்தன. பிரெஞ்சுக் குடும்பங்கள் கதவைச் சார்த்தி, ஒலியைத் தாழ்த்தி, இரைச்சலுக்கு நடுவே தம் நாட்டின் குரலைத் தேடின. அடிமைப்பட்ட மக்களுக்கு ஒரு வானொலிப் பெட்டி என்ன பொருள்படும் என்பதை அவர்கள் அன்று நன்கு அறிந்துகொண்டனர். அறிந்தவர்களே பின்னர் என்ன செய்தனர் என்பதுதான் வரலாற்றின் கசப்பு.

அல்ஜீரிய இல்லத்தில்

1830-இல் பிரெஞ்சுப் படை அல்ஜீரியாவில் கால் வைத்தது. அந்நாட்டு மக்களுக்குப் ‘போஸ்த்’ என்பது பெட்டி அன்று. குன்றின் மேல் நின்ற படைக் காவலே. பின்னர் வந்த வானொலிப் பெட்டியையும் பலர் அதே கண்கொண்டே நோக்கினர். அல்ஜியர்ஸ் நகர வானொலி ஆள்வோரின் குரலாகவே ஒலித்தது.

இதனை ஆழ்ந்து ஆராய்ந்தவர் ஃபிரான்ட்ஸ் ஃபனோன். 1925-இல் மார்த்தினிக் தீவில் பிறந்த கறுப்பினத்தவர், மனநோய் மருத்துவர், அல்ஜீரியாவின் பிளிதா நகர மருத்துவமனையில் பணியாற்றிப் பின்னர் விடுதலை இயக்கத்தில் இணைந்தவர். 1959-இல் வெளிவந்த தம் நூலில் வானொலிக்கெனவே ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். அல்ஜீரியக் குடும்பங்கள் பெட்டியை விலக்கியதற்குச் சொன்ன காரணம் மரியாதை: தந்தையும் மகளும் மாமனாரும் மருமகளும் ஒருங்கே அமர்ந்திருக்கும் கூடத்தில் கூசத்தக்க சொற்களை எப்படிக் கேட்பது? இக்காரணம் நம் வீடுகளுக்கும் புரியக்கூடியதே. ஆனால் அதனினும் ஆழமான காரணம், வீட்டுக்குள் அந்நியனின் குரலை அமரவைக்க விரும்பாமையே என்றார் ஃபனோன்.

பிற்கால ஆய்வாளர்கள் இதற்கு ஒரு திருத்தம் கூறினர். முப்பதுகளிலேயே அல்ஜீரியக் காப்பிக் கடைகளில் மக்கள் கூடி அரபு இசைத்தட்டுகளையும் அயல்நாட்டு அரபு ஒலிபரப்புகளையும் கேட்டனர். அதனைக் கண்டு அதிகாரிகள் கவலையுற்றனர். 1934-இல் இத்தாலியின் பாரி நகரிலிருந்தும், 1938-இல் பி.பி.சி.யிலிருந்தும் அரபு ஒலிபரப்புகள் தொடங்கியிருந்தன. ஆகவே அல்ஜீரியர் வானொலியையே வெறுத்தனர் என்பதினும், ஆள்வோரின் குரலை வெறுத்தனர் என்பதே பொருந்தும்.

1953-இல் கெய்ரோவிலிருந்து ‘ஸவ்துல் அரப்’ ஒலிக்கத் தொடங்கிற்று. 1954 நவம்பர் முதல் நாள் அல்ஜீரிய விடுதலைப் போர் மூண்டபோது அதன் பிரகடனத்தை உலகறியச் செய்ததும் அவ்வானொலியே. 1956 டிசம்பர் 16 அன்று விடுதலை இயக்கத்தின் சொந்தக் குரல், ‘சுதந்திரப் போராட்ட அல்ஜீரியாவின் குரல்’, மொராக்கோ மண்ணிலிருந்து மறைவாக எழுந்தது. அச்செய்தி பரவிய இருபது நாட்களுக்குள் கடைகளில் இருந்த பெட்டிகள் யாவும் விற்றுத் தீர்ந்தன என்று ஃபனோன் எழுதுகிறார். நேற்றுவரை வாசற்படி ஏறாத பொருள் இன்று கூடத்தின் நடுவே வீற்றிருந்தது.

அரசு விழித்துக்கொண்டது. அனுமதிச் சீட்டின்றிப் பெட்டி வாங்கலாகாது. மின்கலத்தால் இயங்கும் பெட்டிகளின் விற்பனை அறவே கூடாது. மாற்று மின்கலங்களோ கடைகளிலிருந்து மறைந்தன. இரைச்சல் அலைகளும் ஏவப்பட்டன. விஷி அரசின் காலத்தில் இருட்டறையில் அமர்ந்து இரைச்சலுக்கிடையே தம் நாட்டின் குரலைத் தேடிய அதே நாட்டவர், பதினைந்தாண்டுகூடக் கழியுமுன் பிறரின் குரல்மீது அவ்விரைச்சலை ஏவினர்!

மக்கள் சோரவில்லை. ஒருவர் பெட்டியோடு காதைப் பொருத்தி அமர்வார்; குரல் ஓர் அலையில் மறைந்தால் மற்றோர் அலையில் தேடுவார்; மற்றவர்கள் அவர் முகத்தையே நோக்கியிருப்பர். இரண்டொரு சொல்லே கேட்ட நாட்களும் உண்டு. எஞ்சியதை நம்பிக்கையால் நிரப்பிக்கொண்டனர். அந்நியப் படையின் ‘நிலை’ அல்ஜீரியரின் ‘நிலை’ ஆயிற்று.

அரபு மொழியில் வானொலிப் பெட்டிக்கு ‘மித்யாஃ’ என்றும், ஒலிபரப்புக்கு ‘இதாஆ’ என்றும் பெயர். இவை பரவுதலைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தவை. பழைய அரபியில் இரகசியத்தைக் காக்கத் தெரியாத மனிதனுக்கும் ‘மித்யாஃ’ என்பதே பெயர். திருக்குர்ஆனின் அன்னிஸா அத்தியாயம், 83-ஆம் வசனம், பாதுகாப்பைப் பற்றியோ அச்சத்தைப் பற்றியோ செய்தி வந்தால் அதனை ஆராயாமல் பரப்புவோரைக் கண்டிக்குமிடத்து இவ்வேரையே ஆளுகிறது. பரப்பும் கருவிக்கு வைத்த பெயருக்குள்ளேயே பரப்புவோனுக்கான எச்சரிக்கையும் அமைந்துவிட்டது. அது நல்ல பெயர் அன்றோ!

சட்டைப் பையில் ஒரு நிலையம்

1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருவான சிறு மின்பொருளுக்கு மறு ஆண்டு ‘டிரான்சிஸ்டர்’ என்று பெயரிட்டனர். மேசைப் பெட்டியைக் கைப்பெட்டியாகச் சுருக்கியது அதுவே. பிரெஞ்சு மக்கள் உள்ளிருக்கும் உறுப்பின் பெயரை முழுப் பெட்டிக்கும் வைத்தனர். நம் நாட்டிலும் ‘டிரான்சிஸ்டர்’ என்றால் அச்சிறு பெட்டிதானே? முன்னர் இடத்தின் பெயர் பொருளுக்கு வந்தது. இம்முறை உறுப்பின் பெயர் பொருளுக்கு வந்தது.

1961 ஏப்ரல் 21 நள்ளிரவில், அல்ஜீரியாவுக்கு விடுதலை தருவதை எதிர்த்து நான்கு பிரெஞ்சுத் தளபதிகள் அல்ஜியர்ஸ் நகரைக் கைப்பற்றினர். நகர வானொலி நிலையமும் அவர்கள் கையில் வீழ்ந்தது. 23-ஆம் நாள் மாலை, குடியரசுத் தலைவராயிருந்த டி கோல், கலகக்காரருக்குக் கீழ்ப்படிய வேண்டாம் என வானொலியிலும் தொலைக்காட்சியிலும் ஆணையிட்டார். கட்டாயப் படைச்சேவையில் அல்ஜீரியாவில் இருந்த பிரெஞ்சு இளைஞர்கள் அவ்வுரையைத் தத்தம் டிரான்சிஸ்டரில் கேட்டனர். மேலதிகாரியின் கட்டளையை மறுத்தனர். சில நாட்களில் கலகம் சரிந்தது. டிரான்சிஸ்டர்களின் வெற்றி என அது பேசப்பட்டது. பெரிய நிலையம் தளபதிகளின் கையில். சிறிய நிலையமோ சிப்பாயின் சட்டைப் பையில். வென்றது சிறியதே.

1962 ஜூலை 5 அன்று அல்ஜீரியா விடுதலை நாடாயிற்று. ஃபனோன் அந்நாளைக் காணவில்லை. முந்திய ஆண்டு டிசம்பரில் மறைந்துவிட்டார். அவ்வாண்டு அக்டோபர் 28 அன்று, பிரெஞ்சுத் தொழில்நுட்பப் பணியாளர்கள் அல்ஜியர்ஸ் வானொலி தொலைக்காட்சி நிலையத்தைவிட்டு வெளியேறினர். அல்ஜீரியப் பணியாளர்களே பொறுப்பேற்று ஒலிபரப்பு தடைபடாமல் காத்தனர். அந்நாளை அந்நாடு ஆண்டுதோறும் நினைவுகூர்கிறது.

‘வைக்கப்பட்டது’ என்று பொருள்படும் ஓர் எளிய சொல், குதிரையோடு சாலையில் நின்றது, வேலோடு வாயிலில் நின்றது, கோபுரத்தில் ஏறியது, கூடத்தில் அமர்ந்தது. பரீதாயினும் போஸ்த்தாயினும், முதலில் அது ஆள்வோரின் உடைமை. பின்னர் மக்கள் அதனைத் தமதாக்கிக்கொண்டனர். கருவிக்குச் சொந்தக் குரல் இல்லை. அதனை வைப்பவர் யார், கேட்பவர் யார் என்பதைப் பொறுத்தே அது காவலாகிறது, அல்லது துணையாகிறது.

இன்று செய்திப் பெட்டி நம் ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் இருக்கிறது. கேட்பவரும் நாமே, பரப்புபவரும் நாமே. அதனைக் கையில் எடுக்கும்போது, பிரெஞ்சுச் சொல் நினைவூட்டும் காவலையும் அரபுச் சொல் நினைவூட்டும் எச்சரிக்கையையும் ஒருங்கே நெஞ்சில் இருத்துவோமாக.